ஹெஸ்ஸ இளவரசர் பிலிப் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் ஹெஸ்ஸ இளவரசர் பிலிப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மனைவியை வதைமுகாமில் பறிகொடுத்தவர், தாமும் முகாமில் கிடந்தவர். அவரை ஹிட்லரின் ஆட்களோடு நிறுத்துகிறீர்களே, கொஞ்சம் இரக்கம் வேண்டாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

அவர் மனைவி மஃபால்டாவுக்கு இரக்கம் உண்டு, தாராளமாக. இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேலின் மகள் அவர். 1943 செப்டம்பரில் இத்தாலி நேசநாடுகளிடம் பணிந்ததும், கணவரின் தொலைபேசி அழைப்பு என்று சொல்லி ரோமிலிருந்த ஜெர்மன் தூதரகத்துக்கு வரவழைத்துப் பிடித்தார்கள். புக்கன்வால்டு வதைமுகாமில் வேறு பெயரில் அடைத்தார்கள். 1944 ஆகஸ்டில் முகாமை ஒட்டிய ஆயுதத் தொழிற்சாலைமீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியபோது படுகாயமடைந்தார். கையைத் துண்டித்தும் பிழைக்கவில்லை.

பிலிப்பின் கதை வேறு. ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்மின் தங்கை மகன். பட்டம் இருந்தது, ஆள நிலம் இல்லை. 1930இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. 1933இல் ஹெஸ்ஸ-நாசாவ் மாகாணத்தின் தலைவரானார். ஆனால் ஹிட்லருக்கு அவரிடம் வேண்டியிருந்தது மாமனார் வீட்டுச் செல்வாக்கு. முசோலினியிடம் தூது போக, ஹிட்லர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கட்ட நினைத்த அருங்காட்சியகத்துக்காக இத்தாலியில் ஓவியங்கள் வாங்க. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கும் வேளையில், முசோலினி குறுக்கே நிற்கமாட்டார் என்று ரோமிலிருந்து தொலைபேசியில் சொன்னவர் இவர்தான். இதை ஒருநாளும் மறக்கமாட்டேன் என்று மறுமுனையில் ஹிட்லர் உருகினார். (மறக்காமல் செய்ததைத்தான் பார்த்தோமே.) 1943 ஜூலையில் மாமனாரான மன்னர், முசோலினியைக் கைது செய்யவைத்தார், செப்டம்பரில் மருமகன் ஃப்ளோசன்புர்க் முகாமுக்குப் போனார். எதிர்த்து நின்றதற்காக அல்ல, மாமனார் வீடு கட்சி மாறியதற்காக.

உங்கள் கடிதத்தில் ஹடமார் இல்லை. அவருடைய மாகாணத்து மனநல மருத்துவமனை அது. 1941இல் அதை மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் கொல்லும் அரசின் திட்டத்துக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பிலிப். அந்த ஆண்டு ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 10,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை அங்கே நச்சுவாயுவால் கொன்றார்கள். போருக்குப் பின் அவர்மீது கொலைக் குற்றச்சாட்டு வந்தது, பிறகு கைவிடப்பட்டது.

ரகசியம், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நோயாளிகளை ஏற்றிவரும் பஸ்ஸைக் கண்டால் ‘கொலைப்பெட்டி வருகிறது’ என்று ஊர்ப் பிள்ளைகளே கூவுகிறார்கள் என, அதே மாகாணத்து லிம்புர்க் ஆயர் ஹில்ஃப்ரிச் 1941 ஆகஸ்டில் நீதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பிலிப் பதவியிலும் ஹிட்லரின் பந்தியிலும் மேலும் இரண்டு ஆண்டுகள் இருந்தார்.