எஃப்.டி.ஓ. மரபணு இருந்தால் டயட் வீண்தானா?

வணக்கம் சகோதரி. மரபணுப் பரிசோதனையில், உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்.டி.ஓ. மரபணுவின் 'ஆபத்து வகை' (எடை கூடும் வாய்ப்பை அதிகமாக்கும் வகை) இரண்டு பிரதி, அதாவது அம்மா வழியில் ஒன்றும் அப்பா வழியில் ஒன்றும், வந்திருக்கிறது, 14 கிலோ கூடுதலாக இருக்கிறேன், அதே சாப்பாடு சாப்பிடும் தங்கை ஒல்லி, இனி டயட் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்.

2007இல் ஐரோப்பியர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், இரண்டு பிரதி உள்ளவர்கள் ஒன்றும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோதான் அதிகம் இருந்தார்கள். ஆகவே 14 கிலோவையும் இந்த ஒரு மரபணுவின் தலையில் கட்ட முடியாது. எடையோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அக்கா தங்கைக்குள் இந்த வேறுபாடுகளில் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். தங்கையோடு ஒப்பிடுவதை விடுங்கள்.

இந்த வகை பெரும்பாலும் பசி வழியாகத்தான் வேலை செய்கிறது. 'போதும்' என்ற உணர்வு சற்றுக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். டயட் வீண் என்பதும் சரியில்லை: 2016இல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த வகை உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே எடை குறைந்திருந்தது. உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மரபணுவின் பாதிப்பு கால்பங்குக்கும் மேல் குறைவு என்று 2011இல் இரண்டு லட்சம் பேருக்கு மேல் அலசிய ஆய்வு சொன்னது.

அப்புறம், மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு), தைராய்டு சுரப்புக் குறைவு இரண்டும் எடையைக் கூட்டலாம். மரபணு அறிக்கைக்குக் கொடுத்த பணத்தில் சிறு பகுதிக்கே டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்திருக்கலாம்! மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லி, சர்க்கரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.