கொடிக்கு ஏற்ற கொழுகொம்பு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பாகல் கொடிக்காகக் கனமான மூங்கில் ஒன்றை ஊன்றினேன். அவரை அதில் தானாகவே ஏறிவிட்டது. பாகல் மட்டும் பிடிக்காமல் சரிந்து சரிந்து விழுகிறது. என்ன காரணம்?

இரண்டும் கொடிதான், ஆனால் ஏறும் விதம் வேறு. அவரை, கொடி பீன்ஸ், பசலைக்கொடி எல்லாம் தண்டாலேயே கம்பைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். மூங்கில் கொஞ்சம் பருமனாக இருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. வழவழப்பாக மட்டும் இருக்கக் கூடாது, வழுக்கிவிடும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி இவையெல்லாம் கணுவிலிருந்து வரும் பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுபவை. அந்தப் பற்றுக்கம்பி நூல் போல மெல்லியது. பென்சிலைவிடப் பருமனான எதையும் சுற்றிப் பிடிக்கத் திணறும். அதற்காக மூங்கிலைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று ஊன்றி, நடுவில் சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுங்கள். பாகல் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

நேரம் கிடைத்தால், பிடித்துக்கொண்ட பற்றுக்கம்பி ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முதலில் நுனி மட்டும் கயிற்றைச் சுற்றியிருக்கும். அப்புறம் நடுப்பகுதி ஸ்பிரிங் போலச் சுருளும். பாதித் தூரம் ஒரு திசையில் சுருண்டு, நடுவில் ஒரு சின்ன நேர்க்கோடு வந்து, மீதி எதிர்த் திசையில் சுருண்டிருக்கும். இரண்டு முனையும் கட்டுண்டு கிடப்பதால், முறுக்கிக்கொள்ளாமல் சுருள அதற்கு அதுதான் வழி. சார்லஸ் டார்வின் 1865-லேயே கொடிகளை ஆராய்ந்து இதை விளக்கியிருக்கிறார். பலமான காற்று அடிக்கும்போது அந்தச் சுருள் நீண்டு கொடுக்கும், கொடி அறுந்து வராது. ஆகவே கொடியை வேறு பக்கம் திருப்பிவிட நினைத்துப் பற்றுக்கம்பியைப் பிய்த்து இழுக்காதீர்கள். அதைக் கத்தரித்துவிட்டு, நுனிக்கொடியை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். புதிய கணுவில் புதிய பற்றுக்கம்பி வரும்.

கேள்வி: வலையின் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கை தாராளமாக நுழைய வேண்டும், 10 முதல் 15 செ.மீ. சரியாக இருக்கும். சின்னக் கண் வலையில் பிஞ்சு நடுவில் சிக்கிப் பெருத்துவிடும், பிறகு வலையை அறுத்துத்தான் காயை எடுக்க முடியும்.

கேள்வி: செடி ஓரடி வளர்ந்த பிறகு கம்பு ஊன்றலாமா?

வேண்டாம். விதை போடும்போதே ஊன்றிவிடுங்கள். தொட்டியில் வேர் நெருக்கமாகப் பின்னியிருக்கும், பிறகு குத்தினால் அறுபடும்.

கேள்வி: சுவரை ஒட்டி இரும்புக் கம்பி கட்டி வெள்ளரி ஏற்றினேன். கொழுந்து கருகுகிறது. கம்பியின் சூடா?

கம்பியும் சுடும், சுவரும் சுடும். வெயில் இறங்கிய பிறகும் சுவர் வெகுநேரம் அனல் விடும். சாரத்தைச் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளிக் கட்டுங்கள், காற்று ஓடும், பின்பக்கக் காயைப் பறிக்கவும் கை போகும். கம்பியில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றிவிட்டால் சூடும் தாக்காது, பற்றுக்கம்பிக்கும் நல்ல பிடி கிடைக்கும். தொட்டி மண் மதியத்துக்குள் காய்கிறதா என்றும் பாருங்கள். கொழுந்து வாடுவதற்குப் பல நேரம் தண்ணீர்க் குறைவுதான் காரணம்.

கேள்வி: சுரைக்காயின் எடையைக் கொடி தாங்குமா? துணித் தொட்டில் கட்ட வேண்டுமா?

கொடி தாங்கும். காய் பெருக்கப் பெருக்கக் காம்பும் தடித்துவிடும். எனக்குப் பயமெல்லாம் சாரத்தைப் பற்றித்தான். இலை அடர்ந்த கொடி மழையில் நனைந்து நிற்கும்போது பலமான காற்று வந்தால், மொத்தச் சாரமும் பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். கால்களைத் தொட்டி மண்ணில் மட்டும் ஊன்றி நிறுத்தாதீர்கள், கைப்பிடிச் சுவரிலோ தூணிலோ சேர்த்துக் கட்டுங்கள். தொட்டில் பெரிய பூசணிக்கும், முக்கியமாக முலாம்பழத்துக்கும் வேண்டும். முலாம்பழம் பழுத்ததும் காம்பிலிருந்து தானே கழன்று விழும். தண்ணீர் தேங்காத வலைத்துணியில் தொட்டில் செய்து, சாரத்தில் கட்டுங்கள். கொடியில் கட்டினால் பயனில்லை.

கேள்வி: புடலங்காய் சுருண்டு வளர்கிறது. நுனியில் கல் கட்டலாமா?

கட்டலாம். பிஞ்சு கொஞ்சம் நீண்டதும் சின்னக் கல்லாக, நூலில் தளர்வாகக் கட்டுங்கள். அதற்கு முன்னால் பிஞ்சு வலையிலோ பற்றுக்கம்பியிலோ மாட்டியிருந்தால் விடுவித்துத் தொங்கவிடுங்கள். பழ ஈ குத்திய இடத்தில் கோணினால் கல் உதவாது, அந்தப் பிஞ்சை அகற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. எல்லாம் ஆண் பூவாகவே பூக்கிறது.

ஆரம்பத்தில் ஆண் பூ வருவது இயல்பு. ஆனால் சுரையில் பெண் பூ பக்கக் கொடிகளில்தான் அதிகம் வரும். ஆகவே தாய்க்கொடி பந்தலைத் தொட்டதும் அதன் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அதுவரை கீழே வரும் பக்கக் கிளைகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கொடியாக ஏற்றுங்கள். கையால் மகரந்தம் சேர்ப்பதாக இருந்தால் மாலையில் செய்யுங்கள், சுரைப்பூ அப்போதுதான் விரியும். பூசணிக்கும் வெள்ளரிக்கும் காலை நேரம்.

கேள்வி: தக்காளியையும் வலையில் ஏற்றலாமா?

தக்காளி தானாக ஏறாது, நாம்தான் கட்டிவிட வேண்டும். கயிற்றை எட்டு வடிவில் போடுங்கள், ஒரு வளையம் கம்புக்கு, ஒரு வளையம் தண்டுக்கு. தண்டு இன்னும் தடிக்கும் என்பதால் விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள். குட்டையாகப் புதர் போல வளரும் ரகத்துக்கு உயரமான சாரம் தேவையில்லை.

கேள்வி: காய்ப்பு முடிந்ததும் காய்ந்த கொடியை வலையிலிருந்து பிரிப்பது பெரிய வேலையாக இருக்கிறது.

நைலான் வலை என்றால் கொடியை அடியில் அறுத்துவிட்டுச் சருகாகக் காயவிடுங்கள், கையால் நொறுக்கினாலே பாதி உதிர்ந்துவிடும். சணல் கயிறு என்றால் பிரிக்கவே வேண்டாம், கயிற்றோடு வெட்டி உரக்குழியில் போடலாம். நோய் விழுந்த கொடியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், வலையையும் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்திய பிறகே அடுத்த விதைக்குக் கட்டுங்கள்.