டைவர்ஸ் ஆனாலும் ஐ-864 பொறுப்பு தீராது

அண்ணா, கொழிஞ்சாம்பாறைல இருந்து கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு அமெரிக்க கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்த வீட்டுக்காரரு, இப்ப டைவர்ஸ் ஆயிடுச்சு, ஒரு டாலர் தரமாட்டேன்னு சொல்றாருன்னு எழுதிருக்கீங்க, அது அவரு இஷ்டம் இல்லீங்க. ஸ்பான்சர் பண்றப்ப அவரு போட்ட ஐ-864 ஃபார்ம், தங்கச்சி செலவுக்கு நான் பொறுப்புன்னு அமெரிக்க அரசாங்கத்தோட போட்ட ஒப்பந்தம். அங்கத்த வறுமைக்கோட்டுல 125 சதவீதத்துக்கு தங்கச்சி வருமானம் எவ்வளவு குறையுதோ அத அவர் தரணும். தங்கச்சி அமெரிக்க சிட்டிசன் ஆனாலோ, 40 குவார்ட்டர் (சுமாரா பத்து வருஷ) வேலைக்கணக்கு சேர்ந்தாலோ, கிரீன் கார்ட விட்டுட்டு நிரந்தரமா கிளம்பிட்டாலோ பொறுப்பு போயிடும், அதனால பாலக்காட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்னு தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. அங்கயே ஒரு இமிக்ரேஷன் வக்கீல பாக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் அவரு நீட்டுற எந்த பேப்பர்லயும் கையெழுத்து வேணாம். ஃபார்ம் காப்பி கையில இல்லன்னா அமெரிக்க இமிக்ரேஷன் ஆபீஸ்ல அந்த நாட்டு தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம்.