சீன இலக்கண விக்கியில் திருத்தினேன், தூக்கிவிட்டார்கள்: பணம் கட்டினால் தீருமா?

கேள்வி: எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) நான்காம் நிலை முடித்திருக்கிறேன். பலர் சேர்ந்து எழுதும் சீன இலக்கண விக்கி ஒன்றில், 'லெ' என்ற ஒட்டுச்சொல்லுக்கான பக்கத்தைத் திருத்தினேன். 'இல்லை' எனப் பொருள்படும் 'மெய்' வந்தால் அந்த வாக்கியத்தில் லெ வரவே கூடாது என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு மாறாக இருந்த எடுத்துக்காட்டு ஒன்றையும் நீக்கினேன். ஒரே நாளில் இரண்டையும் பழையபடி ஆக்கிவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. டெலிகிராம் குழுவில் ஒருவர், 4,500 ரூபாய் கட்டினால் 'அங்கீகரிக்கப்பட்ட பங்களிப்பாளர்' சான்றிதழும், யாரும் அழிக்க முடியாத கணக்கும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா? - வாசகி, கோவை

பதில்: கட்டாதீர்கள். முதலில் இதை முடித்துவிடுவோம், இலக்கணம் பிறகு.

யாரும் அழிக்க முடியாத கணக்கு என்று விக்கியில் ஒன்று கிடையாது. நிர்வாகி எழுதிய வரியையும் இன்னொருவர் மாற்றலாம். விக்கி என்ற அமைப்பே அதுதான். கணக்கு தொடங்கக் காசும் கிடையாது. புதியவர்களுக்குச் சில தளங்கள் சிறு காத்திருப்பு வைத்திருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் அது 4 நாள், 10 தொகுப்பு (அதாவது 10 திருத்தம்). சில தளங்களில் விண்ணப்பித்துத்தான் திருத்தும் உரிமை பெற வேண்டும். இரண்டுக்குமே தரகர் தேவையில்லை. விலைக்கு வாங்கிய கணக்கின் மின்னஞ்சல் விற்றவர் கையில் இருக்கும். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று ஒரு சொடுக்கு போட்டால் கணக்கு அவருடையது. பெரும்பாலும் இந்த ஆட்களுக்கு வேண்டியது உங்கள் 4,500 ரூபாய் மட்டுமல்ல, உங்கள் பெயரும்தான். 'கூடுதல் வாசிப்பு' என்று தங்கள் பயிற்சி வகுப்பின் இணைப்பை உங்கள் திருத்தத்தில் செருகச் சொல்வார்கள். இணைப்பு விளம்பரம் என்று கணக்கு முடக்கப்படும்போது முடங்குவது நீங்கள். சான்றிதழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உங்கள் தொகுப்பு வரலாறுதான் சான்று. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம்.

இனி லெ. உங்கள் திருத்தத்தை நீக்கியவர் விஷயத்தில் சரி, முறையில் தவறு.

சீனத்தில் லெ இரண்டு இடங்களில் வருகிறது. வினைச்சொல்லை ஒட்டி வருவது ஒன்று, வாக்கியத்தின் கடைசியில் வருவது இன்னொன்று. தமிழ் தெரிந்தவருக்கு இது எளிது. இதை ஆங்கில இறந்தகாலத்தோடு பொருத்திப் பார்ப்பதால்தான் குழப்பமே. 'வோ ச்சி லெ ஃபான்' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார். நம்மிடம் 'நான் சாப்பிட்டுவிட்டு...' என்று நிறுத்தினால் காத்திருப்பதுபோல. 'மிங்தியன் வோ ச்சி லெ ஃபான் ஜியோ ட்ஸோ' என்றால் 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்'. நாளை நடக்கப்போவதற்கும் லெ வந்துவிட்டது பாருங்கள். ஆகவே அது இறந்தகாலக் குறி அல்ல. கடைசியில் வரும் லெ நம் 'ஆச்சு'க்குப் பக்கத்து வீடு: 'வோ ச்சி ஃபான் லெ', 'சாப்பிட்டாச்சு'. நிலைமை மாறிவிட்டது என்று அது சொல்கிறது.

இப்போது மெய். 'வோ மெய் ச்சி ஃபான்', 'நான் சாப்பிடவில்லை'. இங்கே வினையை ஒட்டிய லெ விலகிவிடும். செயல் நிறைவேறவே இல்லை என்றான பிறகு நிறைவைக் காட்டும் குறிக்கு வேலை என்ன? இந்த அளவுக்கு உங்கள் விதி சரி.

நீங்கள் நீக்கிய எடுத்துக்காட்டு 'வோ ஸான் தியன் மெய் ச்சி ஃபான் லெ' என்ற வகையாக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலான புதியவர்கள் கத்தி வைப்பது அதில்தான். 'நான் சாப்பிட்டு மூன்று நாள் ஆச்சு' என்பது பொருள். இதில் லெ 'சாப்பிடு' என்ற வினைக்கு உரியதல்ல. 'சாப்பிடாமல் இருக்கும் நிலை மூன்று நாளை எட்டிவிட்டது, இன்னும் தொடர்கிறது' என்ற முழு வாக்கியத்துக்கும் உரியது. கால அளவு மெய்க்கு முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். அதுதான் அடையாளம். அதே லெயை எடுத்துவிட்டு 'ஸான் தியன் மெய் ச்சி ஃபான்' என்றாலும் வாக்கியம் பிழையில்லை. ஆனால் என்றோ முடிந்துபோன மூன்று நாளைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம். லெ சேர்ந்தால் கணக்கு இன்றுவரை ஓடுகிறது. கால அளவை வினைக்குப் பின்னால் தள்ளி, மெய்யை எடுத்துவிட்டால் பொருளே வேறு: அத்தனை நாள் அதைச் செய்தேன் என்றாகிவிடும். 'மெய் சியென் லெ' என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 'காசு தீர்ந்துபோச்சு'. முதல் நிலை மாணவரும் சொல்லும் வாக்கியம், மெய்யும் லெயும் தோளோடு தோள் நிற்கின்றன. 'வரவே கூடாது' என்ற உங்கள் வரி அந்தப் பக்கத்தில் இருந்தால், அதைப் படித்த மாணவர் கடையில் கேட்ட சரியான வாக்கியத்தைத் தவறு என்று நினைப்பார்.

எழுத வேண்டிய வரி இதுதான்: மெய் வந்தால் வினையை ஒட்டிய லெ நீங்கும், வாக்கிய இறுதி லெ தன் வேலை இருந்தால் நிற்கும். மாணவருக்கு இது போதும்.

ஆனால் இதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்துக்குக் காரணம் எழுதும் பெட்டி) ஒரு வரி எழுத, உங்கள் திருத்தத்தை நீக்கியவருக்குப் பத்து விநாடி ஆகியிருக்குமா? புதியவர் வேண்டும் வேண்டும் என்று முகப்பில் எழுதிவைத்து, வந்தவரைச் சொல்லாமல் கொள்ளாமல் அழித்தால் யார் தங்குவார்கள்? இந்த வழக்கம் மாறப்போவதில்லை. நீங்கள் செய்யக்கூடியது, அழிக்கக் கடினமான விதத்தில் திருத்துவது.

சேர்ப்பதையும் நீக்குவதையும் ஒரே சேமிப்பில் செய்யாதீர்கள். மீளமைக்கும் பொத்தான் ஒரு சேமிப்பை முழுதாகத் தூக்கும். நல்ல பாதியும் அதோடு போகும். அடுத்தவர் எழுதிய எடுத்துக்காட்டை நீக்குவதானால் முதலில் பேச்சுப் பக்கத்தில் (ஒவ்வொரு பக்கத்தோடும் இருக்கும் விவாதப் பக்கம்) இரண்டு வரி கேளுங்கள். கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். ஒரு வாரம் பதில் வராவிட்டால் திருத்துங்கள், சுருக்கத்தில் 'பேச்சுப் பக்கம் பார்க்க' என்று போடுங்கள். மீண்டும் அழித்தால் மீண்டும் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். மூன்றாம் முறை மாட்டுவது எப்போதும் புதியவர்தான், நியாயம் யார் பக்கம் இருந்தாலும்.

எச்எஸ்கே நான்கு முடித்தவர் விதியைத் திருத்தி எழுதுவதைவிட எடுத்துக்காட்டு சேர்ப்பது நல்லது. ஒரு விதிக்கு மூன்று முதல் ஐந்து வாக்கியம். ஒவ்வொன்றிலும் புதிய சங்கதி ஒன்று மட்டும். பக்கத்தின் நிலைக்கு மேற்பட்ட சொல் கூடாது: தொடக்கநிலைப் பக்கத்தில் 'சுற்றுச்சூழல் மாசு' எதற்கு? உரையாடல் எந்திரத்திடம் வாக்கியம் கேட்டு ஒட்டாதீர்கள். இலக்கணப் பிழை இருக்காது, அதனால்தான் ஆபத்து: யாரும் பேசாத வழவழப்பில் இருக்கும், எல்லாவற்றிலும் சியாவ் மிங் (சீனப் பாடநூல்களின் ராமு) வந்து நிற்பார். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சிசிஎல், பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிசிசி ஆகிய மொழித்தரவுத் தொகுதிகளில் (உண்மைப் பயன்பாட்டிலிருந்து திரட்டிய வாக்கியக் கிடங்குகள்) அந்த அமைப்பு எப்படி வருகிறது என்று தேடிப் பாருங்கள். பிறகு சீனம் தாய்மொழியான இரண்டு பேரிடம் காட்டுங்கள். 'இது சரியா?' என்று கேட்டால் மரியாதைக்குச் சரி என்பார்கள். 'நீங்கள் இதை எப்போது, யாரிடம் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள்.

பாடநூல் வாக்கியத்தை அப்படியே எடுக்காதீர்கள். விதி யாருக்கும் சொந்தமல்ல, வாக்கியம் சொந்தம். ஒரு விக்கியிலிருந்து இன்னொன்றுக்கு எடுப்பதிலும் கண்ணி உண்டு. ஷாங்காயின் ஆல்செட் லேர்னிங் நிறுவனம் 2012-ல் தொடங்கிய சைனீஸ் கிராமர் விக்கியின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. விக்கிநூல்கள் (விக்கிப்பீடியாவின் பாடநூல் தங்கை) தளத்தின் உரிமம் அனுமதிக்கிறது. இரண்டும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்'தானே என்று அங்கிருந்து இங்கே கொட்ட முடியாது.

எழுத்துப் பொறிகளில் முதலாவது உடுக்குறி (*). பிழையான வாக்கியத்துக்கு முன் உடுக்குறி போடுவது மொழியியல் வழக்கம். பல விக்கிகளை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளிலோ வரித் தொடக்கத்து உடுக்குறி பட்டியல் புள்ளியாக மாறிவிடும். பிழையான வாக்கியம் சரியான வாக்கியம்போலப் பளிச்சென்று நிற்கும், மாணவர் மனப்பாடம் செய்வார். தளத்தில் பிழைக் குறிக்கென்றே வார்ப்புரு (பெயரைச் சொன்னால் வந்து விழும் ஆயத்த அச்சு) இருந்தால் அதைப் போடுங்கள். வரித் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விழுந்தால் அந்த வரி தனிப் பெட்டிக்குள் போய்விடும். ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது நடப்பது இதுவே. வார்ப்புருவுக்குள் சமக்குறி போட்டால் அதற்கு முன்னுள்ளதை மென்பொருள் அளபுருவின் (வார்ப்புருவில் நிரப்ப வேண்டிய கட்டத்தின்) பெயர் என்று எடுத்துக்கொண்டு, உங்கள் வாக்கியத்தைக் காணாமல் அடிக்கும். பின்யினில் (சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) மூன்றாம் தொனிக்குக் கூர்மையான கொக்கிதான் சரி, வட்டமான பிறை அல்ல. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் முன்தோற்றம் பாருங்கள். முதல் பத்துத் திருத்தங்களை மணல்தொட்டியில் (பழகிப் பார்ப்பதற்கான பக்கம்) செய்து பாருங்கள்.

சீனத்துக்கு எளிய எழுத்து, மரபெழுத்து என்று இரண்டு எழுத்துமுறை உண்டு. எளிய எழுத்தைத் தானியங்கி மாற்றியில் போட்டு மரபெழுத்தாக்கி ஒட்டாதீர்கள். 'பிறகு' என்பதற்கும் 'அரசி' என்பதற்கும் மரபில் வெவ்வேறு எழுத்து, எளிய முறையில் ஒரே எழுத்து. மாற்றி தப்பாக ஊகித்தால் 'சாப்பிட்ட பிறகு' என்பது 'சாப்பிட்ட அரசி' என்று வந்து நிற்கும்.

பக்கம் எந்த நிலை மாணவருக்கு என்று காட்டும் நிலைக் குறியீட்டைத் தொடாதீர்கள். எச்எஸ்கே முன்பு ஆறு நிலை. 2021 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த தரநிலை ஒன்பது நிலை, 11,092 சொல், 572 இலக்கணக் கூறு என்று வேறொரு ஏணியைப் போட்டது. ஒரு பக்கத்தில் 'நிலை 4' என்று மொட்டையாக இருந்தால் எந்த ஏணியின் நான்கு? எண்ணை மாற்றியவர்கள் பெயரையாவது மாற்றியிருக்கலாம். நீங்கள் எழுதிய தேர்வை வைத்து அடுத்தவர் குறியீட்டைத் திருத்தினால் அதுவும் அன்றே தூக்கப்படும்.

உங்கள் விஷயத்தில், நீக்கிய எடுத்துக்காட்டு திரும்பி வந்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும். மேலே சொன்ன இரண்டு வகை லெயையும் பேச்சுப் பக்கத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரியாக எழுதி, 'மெய் சியென் லெ'யைப் புதிய எடுத்துக்காட்டாகப் போடலாமா என்று கேளுங்கள். டெலிகிராம் ஆளிடம் மின்னஞ்சல் முகவரியோ கடவுச்சொல்லோ கொடுத்திருந்தால் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்; அதே கடவுச்சொல்லைத் தேர்வுப் பதிவுத் தளத்திலும் வைத்திருந்தால் அங்கேயும்.