வளவில் தேன்சிட்டுக் கூடு: சாந்திக்கு முன் என்ன செய்வது?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு. அடுத்த மாதம் 16ஆம் தேதி அங்கே அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சாந்தி (வயது நிறைவுக்குச் செய்யும் சடங்கு). வீட்டைத் திறந்து பார்த்தால், வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) முற்றத்தை ஒட்டித் தொங்கும் பழைய விளக்கு வயரில் ஒரு கூடு. இந்த மாதம் 4ஆம் தேதி எட்டிப் பார்த்தபோது உள்ளே இரண்டு முட்டை இருந்ததாம். "வெள்ளையடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. கூட்டை அப்படியே எடுத்துத் தோட்டத்து மாதுளையில் கட்டிவிடலாமா? தூக்கணாங்குருவி வீட்டுக்குள் கட்டுவது நல்லதுதானா? ஆண் குருவி பட்டாலைக் (கூடத்துக்) கண்ணாடியை நாள் முழுக்கக் கொத்துகிறதே, அதற்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

முதலில் உங்கள் கவலையைக் குறைத்துவிடுகிறேன். கூட்டையும் கலைக்க வேண்டாம், சாந்தியையும் தள்ளிப்போட வேண்டாம். நாள் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது.

வந்திருப்பது தூக்கணாங்குருவி இல்லை, தேன்சிட்டு. தூக்கணாங்குருவி புல்லையும் ஓலை நாரையும் கிழித்துப் பின்னும். பனையிலும் கிணற்றோரக் கிளையிலும் கூட்டமாகக் கட்டும், வீட்டுக்குள் வராது. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பை. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் தாழ்வாரம் போலச் சின்னதாக ஒரு நீட்டம், அடியில் வால் போலக் குப்பை தொங்குகிறது. நம் ஊர்ப்பக்கம் மூன்று வகைத் தேன்சிட்டு உண்டு. ஆணுக்கு வயிறு மஞ்சளாகவும் மார்பில் அரக்குப் பட்டையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. உடம்பெல்லாம் கருநீலமாக மினுங்கினால் ஊதாத் தேன்சிட்டு. அலகு மிக நீண்டு வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அது. சிலர் இவற்றை ஹம்மிங்பேர்டு என்பார்கள். அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது.

பூட்டிக் கிடந்த வீட்டை ஏன் தேடி வந்தது என்றால், அதற்கு வேண்டிய முக்கியமான பொருள் அங்கேதான் நிறைய இருந்திருக்கும். அது ஒட்டடை. தேன்சிட்டுக்குச் சிலந்தி நூல்தான் கயிறும் பசையும். கட்டுவது பெரும்பாலும் பெண்தான். ஆண் கூடவே வந்து போகும், அவ்வளவுதான். ஒருமுறை குஞ்சுகள் பறந்து காலியான ஒரு கூட்டை வெள்ளைத் துணியில் வைத்து மெல்லப் பிரித்துப் பார்த்தேன். வெளியே மரப்பட்டைத் துணுக்கு, சருகு, கம்பளிப்புழுவின் எச்சம். நடுவே மெல்லிய புல் நார். உள்ளே குஞ்சு படுக்கும் இடத்தில் எருக்கம்பஞ்சு, தொட்டால் தெரியாத மென்மை. இடையில் கண்டாங்கிச் சேலையிலிருந்து பிரிந்து வந்த அரக்கு நிற நூல் ஒன்று, விரல் நீளத்துக்கு. எல்லாவற்றையும் சிலந்தி நூல் இழுத்துப் பிடித்திருந்தது. நான் இழுத்தால் நீண்டு கொடுத்ததே தவிர அறவில்லை. குஞ்சு வளர வளரக் கூடு கிழியாமல் தாங்குவது இதனால்தான்.

சரி, மாதுளைக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். இதை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பல வருஷத்துக்கு முன், வீட்டில் பெயிண்ட் வேலை நடந்தபோது, முட்டையோடு இருந்த கூட்டைப் பத்தடி தள்ளி ஒரு செடியில் கட்டிவிட்டேன். நல்ல நிழல், நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். பெண் சிட்டு வந்தது. கூடு இருந்த இடத்தில், வெறும் கம்பிக்கு முன்னால், வாசல் இருந்த அதே உயரத்தில் சிறகடித்து நின்றது. போனது, திரும்ப வந்து அதே இடத்தில் நின்றது. இரண்டு நாள் அப்படி வந்தது. பத்தடி தள்ளியிருந்த கூட்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறவைக்கு அடையாளம் இடம்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது.

இப்போது நாள் கணக்கு. இந்தச் சிட்டு வழக்கமாக இடுவது இரண்டு முட்டை, ஆக முட்டையிட்டு முடிந்துவிட்டது. அடைகாப்பது 14 முதல் 16 நாள். 4ஆம் தேதியிலிருந்துதான் அடைகாக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 20ஆம் தேதிக்குள் பொரிந்துவிடும். குஞ்சு பறக்க ஏறக்குறைய 17 நாள். அப்படியானால் அடுத்த மாதம் 6 அல்லது 7ஆம் தேதி. இரண்டு நாள் முன்பின் ஆனாலும் சாந்திக்கு ஒரு வாரம் கையில் இருக்கும்.

மறுபடி எட்டிப் பார்க்க வேண்டாம், தள்ளி உட்கார்ந்து கவனித்தாலே போதும். வாசலில் அலகு மட்டும் நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் அடைகாக்கிறது. சின்னப் பூச்சியும் சிலந்தியுமாகக் கொண்டுவந்து ஓயாமல் போய் வந்தால் குஞ்சு பொரிந்துவிட்டது. வெள்ளையாக உருண்டையாக எதையோ கவ்விக்கொண்டு வெளியே பறந்தால் அது குஞ்சின் எச்சம். கூட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

வெள்ளையடிப்பை முகப்பிலிருந்தும் திண்ணையிலிருந்தும் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டாம் கட்டு. வளவை அடுத்த மாதம் 9ஆம் தேதிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, வளவுச் சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அதன்மேல் எதையும் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தாலே பளபளவென்று வரும். அந்தப் பூச்சின் மேல் பெயிண்ட் அடித்த வீடுகளைப் பார்த்தால் மனசு ஆறாது.

ஒட்டடை அடிக்கும்போது கூட்டைச் சுற்றி நாலைந்து அடியை விட்டுவிடுங்கள். அந்த விளக்கைப் போட வேண்டாம். பக்கத்தில் மின்விசிறி இருந்தால் அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வையுங்கள். வீட்டுக்குள் வந்து கட்டும் சிட்டுக்கு நான் முதலில் பயப்படுவது அதற்குத்தான். வேலைக்காரர்கள் போட்ட விசிறியில் அடிபட்ட சிட்டை நான் கையில் எடுத்திருக்கிறேன். பத்து கிராம் தேறாத உடம்பு. தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் கரையான் மருந்து அடிக்கும் எண்ணம் இருந்தால் குஞ்சு பறக்கும்வரை தள்ளிப்போடுங்கள். மருந்து பட்ட பூச்சியைத்தான் குஞ்சுக்கு ஊட்டும்.

கண்ணாடி விஷயம் எளிது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தன் எல்லைக்குள் இன்னொரு ஆணை விடாது. உங்கள் பெல்ஜியம் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. விரட்டினால் திரும்ப வரும். ஒரு பழைய வேட்டியை மேலே போட்டு மூடுங்கள், அடங்கிவிடும். வாசலில் நிற்கும் காரின் பக்கக் கண்ணாடிக்கும் ஒரு துணிப்பை மாட்டுங்கள்.

காற்றிலோ பூனையாலோ கூடு விழுந்துவிட்டால் மட்டும் கை வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. கொட்டாங்கச்சியில் அடியில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு, கூட்டைக் குஞ்சோடு அதில் உட்கார வைத்து, அதே வயரில் அதே உயரத்தில் கட்டுங்கள். வாசல் முன்பு பார்த்த பக்கமே பார்க்கட்டும். ஒரு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் பெரும்பாலும் வந்து ஊட்டத் தொடங்கிவிடும்.

நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த எந்த ஆச்சியும் வீட்டில் கூடு கட்டிய குருவியைக் கலைக்கச் சொன்னதில்லை. உங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்பத்தூர் பக்கம், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. பிள்ளைகளும் அதை ஏற்றுக்கொண்டு வளர்கிறார்கள். உங்களிடம் கேட்பது ஒரு மாதம் ஒரு விளக்கைப் போடாமல் இருப்பதுதான்.

ஒருவேளை 16ஆம் தேதியும் குஞ்சு கூட்டிலேயே இருந்தால், ஓமகுண்டத்தை முற்றத்தின் எதிர்ப்பக்கம் வையுங்கள், புகை திறந்தவெளியில் ஏறிவிடும். மேளம் முகப்பில் இருக்கட்டும். சீரியல் விளக்கு கூடு இருக்கும் பக்கத்துத் தாழ்வாரத்தில் வேண்டாம்.

குஞ்சு பறந்ததும் கூட்டை அறுத்துவிடாதீர்கள். பழைய கூட்டிலேயே மறுபடி முட்டையிடுவதும் உண்டு. விழா முடிந்து வீட்டைப் பூட்டும்போது முற்றத்து மேல்கம்பிக்குப் புதிதாக வலை அடிக்கச் சொல்வார்கள். அடிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு நாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து சிட்டு எந்த இடைவெளி வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஒரு சாண் அகலத்தை மட்டும் விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.