சாலைக்குக் குறுக்கே ஒரு பெயர்ப்பலகை

கேள்வி: இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டில், தூக்குமரம் போலச் சாலைக்குக் குறுக்கே பலகை வைத்த ஒரு விடுதியைப் படத்தில் பார்த்தேன். அதற்கு என்ன கதை?

பதில்: அதன் பெயர் ஜார்ஜ். ஸ்டாம்ஃபோர்ட், லிங்கன்ஷயரில் உள்ள பழைய சந்தை ஊர். லண்டனிலிருந்து யார்க் வழியாக ஸ்காட்லாந்து போகும் வடக்குப் பெருஞ்சாலை அந்த ஊருக்குள்ளேயே போனதால், வழிப்போக்கர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர் பர்லி பிரபு 1597-ல் இந்த விடுதியைக் கட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது வாசலுக்குள் நுழைந்ததும் இருக்கும் இரண்டு கதவுகள்தான். ஒன்றில் 'லண்டன்', எதிரே 'யார்க்' என்று எழுதியிருக்கும். தெற்கே போகிறவர்கள் ஓர் அறையிலும் வடக்கே போகிறவர்கள் மற்றதிலும் உட்கார்ந்திருக்க, வெளியே முற்றத்தில் களைத்த குதிரைகளை அவிழ்த்துப் புதிதாகப் பூட்டுவார்கள். கோச் வண்டிகள் ஓகோவென்று ஓடிய காலத்தில் ஒரு நாளைக்கு இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது என 40 வண்டிகள் வந்து போயின!

சரி, பலகைக்கு வருவோம். வழிப்பறிக்காரர்களை மிரட்ட வைத்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அப்படிக் குறுக்கே கட்டிய பலகைகள் அக்காலத்தில் வேறு விடுதிகளிலும் இருந்தன, தூரத்தில் வரும் வண்டிக்காரர் கண்ணில் படுவதற்கு அதைவிட நல்ல இடம் ஏது?

அப்புறம் ரயில் வந்தது. 1852-ல் வடக்கே போகும் முதன்மைப் பாதை ஸ்டாம்ஃபோர்டை விட்டுவிட்டு கிரந்தம் என்ற ஊர் வழியாகப் போனது. விடுதி இன்றும் நடக்கிறது, அந்த இரண்டு கதவுகளோடு.