வருசத்துக்கு எத்தனை புத்தகம்? துண்டுச்சீட்டுக் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் கடைசி ஞாயிறு எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, புது வருட வாசிப்புத் திட்டம் பற்றிய கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொன்னார்கள். முப்பது வருடம் கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். “நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்க” என்று மட்டும் எழுதியிருந்த சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆளைத் தெரியாமல் அதற்குப் பதில் சொன்னால் பொய்யாகிவிடும்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கும் தம்பி: “போன வருசம் 50 புத்தகம்னு முடிவு பண்ணி ஆரம்பிச்சேன். மார்ச்சுல ஆறோட நின்னு போச்சுங்க. இந்த வருசம் எத்தனைன்னு வெச்சுக்கலாம்?”

முதலில் கணக்கைப் பார்ப்போம் தம்பி. 200 பக்கப் புத்தகம் 50 என்றால் 10,000 பக்கம். நாளுக்கு 27 பக்கத்துக்கு மேல். ஒரு நாளும் தவறாமல், காய்ச்சல் வந்தாலும், தீபாவளி அன்றும். காலை எட்டரைக்கு உள்ளே போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டுக்கு வெளியே வருகிற ஆளுக்கு அது ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஷிப்மெண்ட் நெருக்கும் வாரத்தில் சாப்பிடவே அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. மார்ச்சில் நின்றது உங்கள் சோம்பலால் இல்லை, கணக்கே தப்பு.

இப்போது திருப்பிப் போடுங்கள். நாளுக்கு 10 பக்கம். வருடத்தில் 65 நாளை முதலிலேயே கழித்துவிடுங்கள்: கல்யாணம், நோன்பு, அவசர ஆர்டர், சும்மா படுத்துக் கிடக்கிற ஞாயிறு, எல்லாம் அதில் அடங்கட்டும். மீதி 300 நாள், 3,000 பக்கம், 15 புத்தகம். ஆறு படித்தவர் பதினைந்துக்குப் போனால் இரண்டரை மடங்கு. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இன்னொன்று. எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் கை தானாகவே ஒல்லிப் புத்தகத்துக்குப் போகும். நான் பார்த்திருக்கிறேன். அதனால் ‘15 புத்தகம்’ என்று எழுதி வைக்காதீர்கள், ‘10 பக்கம்’ என்று எழுதுங்கள். புத்தகம் எத்தனை என்பதை டிசம்பரில் எண்ணிக்கொள்ளலாம்.

ஈரோடு பக்கம், மஞ்சள் பயிர் போட்டிருக்கும் ஒருவர்: “வருசா வருசம் ஜனவரி ஒண்ணாந்தேதி ஆரம்பிக்கிறனுங்க. பொங்கல் முடியறதுக்குள்ளயே புத்தகம் எங்க வெச்சம்னு தெரியறதில்லை. ராத்திரி எடுத்தா ரெண்டு பக்கத்துல தூக்கம் வந்துருது.”

நீங்கள் மஞ்சள்காரர். தையில் வெட்டு ஆரம்பித்தால் தோண்டி, வேகவைத்து, காயப்போட்டு, பாலீஷ் போட்டு, மண்டிக்கு மாதிரிச் சரக்கு கொண்டுபோய் விலைக்குக் காத்திருந்து பங்குனி ஆகிவிடும். வருடத்திலேயே மூச்சு விட முடியாத மூன்று மாதத்தில் போய் ஏனுங்க புது வழக்கம் தொடங்குகிறீர்கள்? ஜனவரி ஒன்று காலண்டர்க்காரனுக்குத்தான் புது வருடம். உங்கள் வாசிப்பு வருடம் சித்திரை ஒன்றில் தொடங்கட்டும். நம்மூரில் அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். தென்னந்தோப்புக்காரர், தறிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாருக்கும் இதையேதான் சொல்வேன்: எந்த மாதம் கை சும்மா இருக்கிறதோ அந்த மாதம் தொடங்குங்கள்.

தூக்கத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, படுத்துக்கொண்டு படிப்பது. இன்னொன்று வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் அநேகமாக எல்லாருக்கும் வருவது. எழுத்து கலங்கக் கலங்கக் கண் களைத்துப் போகும், நாம் அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொள்வோம். கண்ணாடி போட்ட பிறகு “இத்தனை நாள் வீணாகப் போச்சே” என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர். முதலில் கண்ணைக் காட்டுங்கள். அப்புறம் ராத்திரியை விட்டுவிட்டு, பகலில் த்ரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓடும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மடை திருப்பிவிட்டு அடுத்த பாத்தி நிறையும்வரை வரப்பில் சும்மாதானே உட்கார்ந்திருப்பீர்கள்? நாலு பக்கம் தாராளமாக ஓடும். புத்தகம் நனைந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கே ஒருவர் கேட்டார். நூலகப் புத்தகம் என்றால் ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொண்டு போங்கள். சொந்தப் புத்தகம் என்றால் நனையட்டும்.

கோவை, கல்லூரி மாணவி: “ஆடியோ புத்தகம் கேட்டா கணக்குல சேருமா?”

சேரும். பஸ்ஸில் நின்றுகொண்டே உக்கடத்திலிருந்து போகிறவர் வேறு எப்படிப் படிப்பார்? கவிதையை மட்டும் கண்ணாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கோபி, இல்லத்தரசி: “புத்தகத்தோட உட்கார்ந்தாலே ‘வேலை ஒண்ணும் இல்லையா’ங்கறாங்க. ஒறம்பரை (விருந்தாளி) வந்தா அந்த வாரமே போச்சு. இதுல எங்கிருந்துங்க இலக்கு வெக்கறது?”

அன்றைக்கு வந்ததில் என்னை நிறைய யோசிக்க வைத்த சீட்டு இதுதான்.

நான் வேலை பார்த்த ஊரில் சந்தை நாளன்று மட்டும் ஒரு அம்மா வருவார். காய்கறிப் பையின் அடியில் போன வாரப் புத்தகம் இருக்கும். கத்தரிக்காயை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் புத்தகத்தை வெளியே எடுப்பார். திரும்பி வரும் புத்தகங்களின் ஓரத்தில் மஞ்சள்தூள் கறை இருக்கும். எந்தப் பக்கம் வரை படித்தார் என்பதைக் கறையை வைத்தே சொல்லிவிடலாம். கறை பாதியில் நின்றால் அந்த எழுத்தாளர் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் அவரை நீட்ட மாட்டேன். விதிப்படி கறைக்கு நான் அபராதம் கேட்டிருக்க வேண்டும். கேட்டதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கதை அலமாரியில் அவர் தொடாத வரிசை இல்லாமல் போயிற்று. அவரிடம் இலக்கு என்று எதுவும் கிடையாது. உலை கொதிக்கும்வரை, குக்கர் விசில் வரும்வரை, அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு நேரக் கணக்கு வேண்டாம், இடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் படுக்கையறை அலமாரியில் இருக்கக் கூடாது, அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நாவலை விட்டுவிட்டுச் சிறுகதைத் தொகுப்பாக எடுங்கள். இடையில் எழுந்து போனாலும் நூல் அறுந்துபோகாது. வாரம் ஒரு கதை, வருடத்துக்கு 52 கதை. ஒறம்பரை வந்த வாரம் போனால் போகட்டும், 40 கதை படித்தாலே மூன்று நான்கு தொகுப்பு ஆயிற்று.

‘வேலை இல்லையா’ என்கிற பேச்சுக்கு ஒளிந்து படிப்பது மருந்தாகாது அம்மிணி. அது கூடிக்கொண்டுதான் போகும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு இருபது நிமிடம் இருக்குமல்லவா? அது என் நேரம் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பத்து நாள் முணுமுணுப்பு இருக்கும். டீக்கடையில் அவர்கள் பேப்பர் பார்க்கும் நேரத்தை யாராவது கணக்குக் கேட்டார்களா?

பொள்ளாச்சி, ஒரு தந்தை: “பையனுக்கு ஒன்பது வயசு. இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். ஒரு புத்தகம் முடிச்சா பத்து ரூபாய்னு ஆசை காட்டலாமா?”

வேண்டாம். என் பையனுக்கு நான் அந்தக் காலத்தில் புத்தகத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்துப் பார்த்தேன். நூலகர் மகன் அல்லவா, இருப்பதிலேயே ஒல்லியான புத்தகங்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். மாதக் கடைசியில் எனக்குத்தான் கடன்.

இலக்கை உங்களுக்கு வையுங்கள், அவனுக்கு வேண்டாம். ராத்திரி பத்து நிமிடம் நீங்கள் சத்தமாக வாசியுங்கள். கதை சூடு பிடிக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விடுங்கள். நாலாவது நாள் அவனே எடுத்துப் பார்ப்பான். எழுத்துக்கூட்டினால் கூட்டட்டும், நடுவில் திருத்தாதீர்கள். பஸ் போர்டு, கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை எல்லாமே அவனுக்குப் படிப்புத்தான். அப்புறம் வாரம் ஒரு முறை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே நுழைந்ததும் புத்தகத்தை அவன் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அப்பாக்களுக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நூலகத்துக்குப் போகக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1948இல் வந்த நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள், ரூபாய்க்குப் பத்துப் பைசா. ரசீதை எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்தாயிற்று, புத்தகத்தை மட்டும் ஏன் விடுகிறீர்கள்? விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. ஊருக்கு ஊர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை: “போர் போட வடக்க போனா மாசக்கணக்குல வண்டிலயே கெடக்கோணும். தமிழ்ப் புத்தகம் எங்க கெடைக்கும்? பொன்னியின் செல்வன் முடிக்கோணும்னு ஆசை.”

கல்கி அதை வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார், 1950இல் தொடங்கி மூன்றரை வருடம். வாரத்துக்குக் கொஞ்சமாகப் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது, அதனால் உங்களுக்குப் பொருத்தம்தான். ஐந்து பாகத்தையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வண்டியில் இடம் இருக்காது, பார்த்தாலே மலைப்பாகவும் இருக்கும். முதல் பாகம் மட்டும் கையில். மிச்சத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. சிக்னல் இருக்கிற இடத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். காட்டுக்குள் போன பிறகு தேட முடியாது.

நாளுக்கு ஒரு அத்தியாயம் போதும். மழைக்கு வண்டி ஊர் திரும்பும்போது பெரும்பகுதி முடிந்திருக்கும்.

பெயர் போடாத சீட்டு: “பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா?”

50 பக்கம் பாருங்கள். அப்புறமும் ஒட்டவில்லை என்றால் வைத்துவிடலாம். படித்த 50 பக்கத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் படித்ததுதானே.

பெருந்துறை, வங்கியில் வேலை: “லேசான கதைகள் மட்டுமே படிக்கிறேன். வரலாறு, கட்டுரை எல்லாம் வாங்கி வைத்ததோடு சரி. கனமான புத்தகத்துக்கு எப்படி மாறுவது?”

மாற வேண்டாம், முறை வையுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி ஓடும் கீழ்பவானி வாய்க்காலில் என்ன செய்கிறார்கள்? அதில் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டால் கடைமடை காய்ந்துவிடும். அதனால் ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த முறை. அதே மாதிரி ஒரு கதை, ஒரு கட்டுரை என்று மாற்றி மாற்றி எடுங்கள். கட்டுரை நூலை முதல் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும் என்று சட்டமில்லை. பொருளடக்கத்தைப் பார்த்து, உங்கள் வேலைக்கோ ஊருக்கோ பக்கத்தில் வருகிற அத்தியாயத்தில் நுழையுங்கள். ஒன்று பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

தாராபுரம், ஆசிரியை: “இந்த வருடம் நம்ம கொங்கு எழுத்தை மட்டும் வாசிக்கலாம் என்று இருக்கிறேன். எங்கே தொடங்க?”

நல்ல ரோசனை. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, 1942. சின்ன நாவல், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். கணவனை இழந்த ஒரு பெண் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், அதுதான் கதை. காட்டையும் (நம் பக்கம் விவசாய நிலத்தைத்தான் காடு என்போம்) பங்கையும் பற்றி நம் வீட்டுத் திண்ணைகளில் இன்றும் அதே குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கிருந்து ஒரே தாவலாக தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது, குடிநாவிதர் குடும்பங்களின் கதை. முதலாவதில் காடு வைத்திருப்பவர்கள் பங்குக்குச் சண்டை போடுகிறார்கள். இரண்டாவதில் காடே இல்லாதவர்கள் வருகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நம் ஊர் வேறு மாதிரித் தெரியும். கூடவே பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அமுச்சி (அம்மாவின் அம்மா) சொல்லி நாம் மறந்துபோன சொற்கள் அதில் கிடக்கின்றன.

வருடம் முழுக்க கொங்கு மட்டும் என்றால் ஐப்பசி வாக்கில் சலிப்பு வரும். பாதி வருடம் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஈரோடு, புத்தகத் திருவிழா ரசிகர்: “ஆகஸ்ட்ல ஈரோட்டுலயும் ஜூலைல கோயமுத்தூர் கொடிசியா வளாகத்துலயும் பை பையா வாங்கறேன். பிரிக்காம கெடக்குது. வாங்கறத நிறுத்தணுமா?”

நிறுத்தினால் பதிப்பாளர்கள் என்னைத் திட்டுவார்கள். ஆனால் திருவிழாவுக்குக் கிளம்பும் முன் பிரிக்காத புத்தகங்களைத் தரையில் பரப்பி எண்ணிப் பாருங்கள். எத்தனையோ அதில் பாதியைப் படித்தால்தான் புதுப் பை. முடியாதவற்றை உங்கள் ஊர்ப்புற நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசிச் சீட்டு: “ஐயா, உங்க இலக்கு என்னங்க?”

சென்ற வருடம் 900 பக்க மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றை முடிப்பதாக இதே கூட்டத்தில் சொன்னேன். முடிக்கவில்லை. 340ஆம் பக்கத்தில் கரண்ட் பில் ரசீது செருகியபடி கிடக்கிறது. தையில் அங்கிருந்தே தொடர்கிறேன், மறுபடி முதலிலிருந்து இல்லை.